ஊரில் பிள்ளைகள் உள்ள வீடுகள் எத்தனை?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். சிவகங்கைப் பக்கத்தில் ஏறத்தாழ 2,400 பேரும் 640 வீடுகளும் உள்ள ஊராட்சி உங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 17 பிள்ளைகள்தாம் படிக்கிறார்கள். "ஊரில் பிள்ளைகளே இல்லை, பள்ளி எதற்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது உங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகள் உள்ள வீடுகள் உண்மையில் எத்தனை, அவை எப்படிப்பட்ட வீடுகள், அதை ஊரளவில் எப்படிக் கண்டறிவது என்பதே நீங்கள் கேட்டிருப்பது.

தொடக்கப் பள்ளி ஆசிரியனாக இருந்த காலத்தில் 2001, 2011 ஆகிய இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் களப்பணி செய்தவன் என்ற முறையிலும், அதன்பிறகு இந்த எண்களைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். "பிள்ளைகளே இல்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனி நிகழ்வுகள் கலந்து கிடக்கின்றன. பிறப்பு குறைந்தது ஒன்று. வீடுகள் பிரிந்து பெருகியது இன்னொன்று. இருக்கிற பிள்ளைகள் வேறு பள்ளிக்கோ வேறு ஊருக்கோ போனது மூன்றாவது. இவற்றைப் பிரித்து எண்ணாதவரை எந்த வாதத்துக்கும் விடை கிடைக்காது.

மாநில அளவிலான எண்களிலிருந்து தொடங்குவோம். 2001இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 42 லட்சம் குடும்பங்கள் இருந்தன. 2011இல் அது 1 கோடியே 85 லட்சம் ஆயிற்று. பத்தாண்டில் 43 லட்சம் குடும்பங்கள், அதாவது நூற்றுக்கு முப்பது, கூடிவிட்டன. அதே பத்தாண்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் எண்ணிக்கை 72.35 லட்சத்திலிருந்து 74.24 லட்சத்துக்குத்தான் உயர்ந்தது. இரண்டு லட்சம்கூடக் கூடவில்லை. 2001இல் நூறு வீட்டுக்கு 51 சிறுபிள்ளைகள் இருந்தார்கள் என்றால், 2011இல் நூறு வீட்டுக்கு 40 பேர். வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று தாராளமாக வைத்துக் கணக்கிட்டாலும், அன்றைக்கே நூற்றுக்கு அறுபது வீடுகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. அண்ணன் தங்கை என்று இரண்டு பேர் உள்ள வீடுகள் ஏராளம் என்பதால், உண்மையில் சிறுபிள்ளை இல்லாத வீடுகளின் பங்கு அதைவிடவும் அதிகமாகத்தான் இருந்திருக்கும்.

இது நகரத்தையும் சேர்த்த கணக்கு. ஆனால் கிராமத்தின் போக்கும் இதேதான். கிராமப்புற மக்கள்தொகை அந்தப் பத்தாண்டில் 3.49 கோடியிலிருந்து 3.72 கோடியாக, நூற்றுக்கு ஏழுக்கும் குறைவாகவே, வளர்ந்தது. கிராமப்புறக் குடும்பங்களோ சுமார் 83 லட்சத்திலிருந்து 96 லட்சமாகப் பெருகின. ஆள் கூடிய வேகத்தைப்போல் இருமடங்குக்கும் மேலான வேகத்தில் வீடு கூடியிருக்கிறது. ஒரு வீட்டுக்குச் சராசரியாக நான்கு பேருக்கு மேல் இருந்த நிலை மாறி, நான்குக்குக் கீழே இறங்கியது. இன்னொரு எண்ணையும் இங்கே சொல்ல வேண்டும். 2011இல் மாநில மக்கள்தொகையில் ஆறு வயது வரையிலானவர்கள் நூற்றுக்கு 10.3 பேர், அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். தொட்டிலும் கைத்தடியும் சரிசமமாக நின்ற ஆண்டு அது. அதற்குப் பின்னர் ஒரு பக்கம் ஏறிக்கொண்டும் மறுபக்கம் இறங்கிக்கொண்டும்தான் இருக்கிறது. 2021இல் முதியோர் நூற்றுக்கு 13.6 பேராக இருப்பார்கள் என்பது மக்கள்தொகைக் கணிப்புக்கான மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணித்த எண்.

வீடு ஏன் இப்படிப் பெருகியது என்பதற்கு ஊரிலேயே விடை இருக்கிறது. கணக்கெடுப்பில் "குடும்பம்" என்பது வழக்கமாக ஒன்றாக வசித்து, ஒரே சமையலில் உண்பவர்கள். அதாவது அடுப்புதான் அளவுகோல். ஊர்க்கோயில் திருவிழாவுக்கு வரி போடும்போது நாம் பயன்படுத்தும் "தலைக்கட்டு" வேறு அளவுகோல். மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, அப்பனும் மகனும் ஒரே சோறு உண்டாலும் இரண்டு வரி. செட்டிநாட்டுப் பக்கம் "புள்ளி" என்பதும் இதைப் போன்றதே. குடும்ப அட்டை மூன்றாவது அளவுகோல். பொங்கல் பரிசும் மகளிர் உரிமைத் தொகையும் அட்டைவாரியாக வருகிற காலத்தில், ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் இரண்டு அட்டை வைத்திருப்பதும், தனித்தனி அடுப்பு வைத்திருப்பவர்கள் பழைய அட்டையிலேயே தொடர்வதும் சாதாரணம். பேரப்பிள்ளையின் பெயர் தாத்தாவின் அட்டையில் இருக்கும். பிள்ளை திருப்பூரில் இருக்கும். எனவே உங்கள் 640 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். வீட்டுவரி ரசீதிலிருந்து வந்திருந்தால் அதில் பூட்டிய வீடுகளும் அடங்கும். தலைக்கட்டிலிருந்து வந்திருந்தால் வெளியூரில் இருந்துகொண்டு வரி மட்டும் கொடுப்பவர்களும் அடங்குவார்கள்.

முன்பு ஒரு மகனுக்குக் கல்யாணமானால் அடுத்த மகன் கல்யாணம் வரையிலாவது ஒரே அடுப்பில் இருப்பார்கள். இப்போது தனிக்குடித்தனம் உடனே வந்துவிடுகிறது. பல வீடுகளில் பெரியவர்களே முன்வந்து பின்கட்டிலோ பழைய ஓட்டு வீட்டிலோ தனியாகப் பொங்கிக்கொள்கிறார்கள். முதியோர் உதவித்தொகை, ரேஷன் அரிசி, நூறுநாள் வேலைக் கூலி ஆகிய மூன்றும் சேர்ந்து இப்படித் தனியாகப் பொங்குவதைச் சாத்தியமாக்கியுள்ளன என்பது என் எண்ணம். விளைவு என்னவென்றால், முன்பு தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன் என ஐந்து பேர் இருந்த "பிள்ளை உள்ள வீடு" ஒன்று, இன்று பிள்ளை உள்ள வீடு ஒன்று, பிள்ளை இல்லாத வீடு ஒன்று என்று இரண்டாகிவிட்டது. ஒரு பிள்ளைகூடக் குறையாமலேயே, பிள்ளை உள்ள வீடுகளின் விழுக்காடு பாதியாகிவிடும். இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காமல்தான் பலரும் "பாதி வீட்டில் பிள்ளை இல்லை" என்ற எண்ணைப் பார்த்துப் பதறுகிறார்கள்.

பிறப்பு குறைந்ததும் உண்மை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி, 1992–93இல் நடந்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வின்போது தமிழ்நாட்டில் 2.5 அளவில் இருந்தது, 2005–06இல் 1.8க்கு வந்தது, 2019–21 ஆய்விலும் 1.8தான். தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு, இறப்புகளைத் தொடர்ந்து பதிந்து கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவு முறையோ 2020ஆம் ஆண்டுக்கு 1.4 என்று காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு முறையில் எடுக்கப்பட்டவை என்பதால் எண்கள் வேறுபடுகின்றன. ஆனால் மக்கள்தொகை குறையாமல் நிற்பதற்குத் தேவையான 2.1க்கு இரண்டுமே கீழே இருக்கின்றன. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 13.8 பிறப்பு என்பது 2020இல் மாநிலத்தின் விகிதம். கிராமம், நகரம் என்ற வேறுபாடு வட மாநிலங்களில் இருப்பதுபோல் இங்கே பெரிதாக இல்லை என்பதுதான் தமிழ்நாட்டின் தனித்தன்மை. பெண்கள் பள்ளிக்குப் போனதும், கல்யாண வயது தள்ளிப்போனதும், பிறந்த குழந்தை பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை வந்ததும், கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டு வாசல் வரை வந்ததும் கிராமத்திலும் ஒரே நேரத்தில் நடந்தன.

"நாம் இருவர் நமக்கு இருவர்" என்று சுவரில் எழுதியிருந்த காலத்தில் பிறந்தவர்கள் இன்று பாட்டிகளாகிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு "ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்" என்று சொல்வது நம் ஊர்ப் பெண்களிடையே கூச்சமில்லாத, சாதாரணமான பேச்சு. 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான, பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு ஆறு பேருக்குச் சற்றே குறைவானவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே அது செய்யப்படுகிறது என்பதால், முப்பது வயதுக்கு முன்பே பல பெண்களுக்குப் பிள்ளைபேறு முடிந்துவிடுகிறது. இதன் தாக்கம் வீட்டின் அமைப்பில் தெரியும். முன்பு மூத்தவனுக்கும் கடைக்குட்டிக்கும் பதினைந்து ஆண்டு இடைவெளி இருந்ததால், ஒரு வீடு இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பிள்ளை உள்ள வீடாகவே இருக்கும். இப்போது இரண்டு பிள்ளைகளும் நான்கைந்து ஆண்டுக்குள் பிறந்து, ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகவே கல்லூரிக்குப் போய்விடுகின்றன. ஒரு வீடு பிள்ளை உள்ள வீடாக நீடிக்கும் காலமே சுருங்கிவிட்டது.

இனி உங்கள் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். 2,400 பேருக்கு மாநிலச் சராசரிப் பிறப்பு விகிதத்தை வைத்தால் ஆண்டுக்கு 33 குழந்தைகள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், பதினைந்து ஆண்டுப் பிறப்பைக் கூட்டினால், ஏறத்தாழ 500 பேர். வீட்டுக்கு இரண்டு பிள்ளை என்றால் 250 வீடுகள். ஒற்றைப் பிள்ளை வீடுகளையும் கணக்கில் கொண்டு சராசரியை 1.7 என்று வைத்தால் 290 வீடுகள். அதாவது 640 வீடுகளில் நூற்றுக்கு நாற்பது முதல் நாற்பத்தைந்து வீடுகளில் பிள்ளை இருக்க வேண்டும். வானம் பார்த்த பூமி என்பதால் இளந்தம்பதிகள் பலர் வெளியேறியிருப்பார்கள். ஆகவே இந்த எண்ணைப் பாதியாகக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 6 முதல் 10 வயது வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்க வேண்டிய பிள்ளைகள் ஊரில் எண்பது பேர் இருக்க வேண்டும். பள்ளியில் இருப்பவர்கள் 17 பேர். பிறப்புக் குறைவும் இடப்பெயர்வும் சேர்ந்தும் இந்த இடைவெளியை விளக்கப் போதாது. மீதிப் பிள்ளைகள் ஊரிலேயே உறங்கி, ஊருக்கு வெளியே படிக்கிறார்கள்.

இதைச் சரிபார்க்க எந்தப் பதிவேடும் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு உங்கள் ஊர் விலக்கில், பேருந்து நிற்கும் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். முதலில் ஒரு மஞ்சள் வேன் வரும். கழுத்தில் டை கட்டிய, இன்னும் தூக்கம் கலையாத எல்.கே.ஜி. பிள்ளைகளைத் தாய்மார் தூக்கி ஏற்றுவார்கள். அடுத்து வேறொரு பள்ளியின் வேன். அதன்பின் ஷேர் ஆட்டோவில் ஏழெட்டுப் பேர், அப்பாவின் இருசக்கர வண்டியில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பேர். ஏறுகிற பிள்ளைகளை மட்டும் எண்ணுங்கள். ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு அந்த ஒரு மணி நேரத்தில் பாதி விடை கிடைத்துவிடும். பள்ளிச் சேர்க்கை எண்ணைப் பிள்ளைகளின் எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் இந்த விவாதங்களில் நடக்கிற முதல் பிழை. வேனில் அனுப்பும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்ற நிலையில் அவர்கள் எடுத்த முடிவு அது. ஆனால் அந்த முடிவின் விளைவைப் "பிள்ளைகளே இல்லை" என்று எழுதிவைப்பது தவறு.

பிள்ளை உள்ள வீடுகள் எப்படிப்பட்டவை என்ற உங்கள் இரண்டாம் கேள்விதான் எனக்கு அதிக அக்கறைக்குரியது. தாய், தகப்பன், ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்ற வீடுதான் பெரும்பான்மை என்பதைச் சொல்லத் தேவையில்லை. கவனிக்க வேண்டியவை மற்ற இரண்டு வகைகள்.

ஒன்று, தகப்பன் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்க, தாய் மட்டும் பிள்ளைகளோடு இருக்கிற வீடு. சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் இது தெருவுக்குத் தெரு உண்டு. 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது; அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். குடும்பத் தலைவர் என்று அட்டையில் பெயர் இருப்பவர் வளைகுடாவில் இருப்பார்; பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவில் ஆட்டோ பிடிக்க வேண்டியவர் தாய். இந்த வீட்டில் பணம் இருக்கும், ஆள் இருக்காது. ஆகவே வேன் வாசலுக்கு வரும் பள்ளி அவர்களுக்கு வசதி மட்டுமன்று, தேவையும்கூட.

இரண்டாவது வகை, தாயும் தகப்பனும் இருவருமே இல்லாமல் பாட்டி வளர்க்கிற வீடு. 2011 பிப்ரவரியில் கணக்கெடுப்புக்காக ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தபோது நடந்ததை இன்னும் மறக்கவில்லை. அந்த அப்பத்தாவிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். "ஆறு பேருப்பா" என்றார். பெயர்களைக் கேட்டுக்கொண்டே போனேன். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மூத்த பேரன் அவர்களோடு. இளையவனும் பேத்தியும் அப்பத்தாவிடம். "அப்ப இங்கே மூணு பேருதானே ஆத்தா?" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அவுகள எழுதாம விட்டுட்டா, பெறகு அவுக ஊரு எதுன்னு கேக்க மாட்டாகளா?" என்று கேட்டார். கணக்கெடுப்புக் காலமான பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுவதும் ஊரில் இல்லாதவரை எழுதக் கூடாது என்பது விதி. திருப்பூரில் அவர்களை எழுதியிருப்பார்கள் என்று விளக்கிவிட்டு மூன்று பேரை எழுதினேன். எண் சரிதான். ஆனால் அந்த வீட்டைப் பற்றி முக்கியமான செய்தி அந்த எண்ணுக்குள் இல்லை: இரண்டு சிறுபிள்ளைகளுக்கும் அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கும் நடுவில், உழைக்கும் வயதில் ஒருவர்கூட அந்த வீட்டில் இல்லை. வீட்டுப்பாடம் எழுதிக்கொடுக்க ஆளில்லாத, தடுப்பூசி அட்டையைப் படிக்கத் தெரியாத வீடு அது. இப்படிப்பட்ட வீடுகள் ஊரில் எத்தனை என்று உங்களில் யாராவது தனியாக எண்ணிவைக்க வேண்டும். காலை உணவுத் திட்டமும் அங்கன்வாடியும் முதன்மையாகத் தாங்கி நிற்பது இந்த வீடுகளைத்தான்.

இவை தவிர, பருவத்துக்கு மட்டும் மறைகிற வீடுகளும் உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பொங்கலையொட்டிச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் ஆனி வாக்கில்தான் திரும்புகிறார்கள். பிப்ரவரியில் எடுக்கிற கணக்கில் அந்தப் பிள்ளைகள் சூளையில் இருப்பார்கள். ஜூனில் எடுக்கிற பள்ளிக் கணக்கில் ஊரில் இருப்பார்கள். மறுதிசையில், திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்களும், நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும் பொள்ளாச்சிக் கயிற்று ஆலைகளிலும் வடமாநிலக் குடும்பங்களும் பிள்ளைகளோடு தங்கியிருக்கிறார்கள். அந்த ஊராட்சிகளின் தலைக்கட்டிலோ அட்டையிலோ அவர்கள் இல்லை. ஆனால் "எங்கள் ஊரில் பிள்ளைகள் இல்லை" என்று சொல்லும் ஊராட்சியின் எல்லைக்குள்தான் அந்தப் பிள்ளைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாநிலம் முழுவதும் ஒரே மாதிரி என்றும் நினைத்துவிடக் கூடாது. கொங்குப் பகுதியில் நிலம் துண்டாடப்படக் கூடாது என்ற எண்ணத்தில் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்வது நீண்ட காலமாகவே உண்டு. அங்கே பிள்ளை உள்ள வீட்டில் ஒரு பிள்ளைதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் அப்படியன்று. சவ்வாது மலை, கல்வராயன் மலை ஊர்களில் இன்னும் இளம்வயதுக் கல்யாணமும் மூன்று நான்கு பிள்ளைகளும் இருக்கின்றன.

ஆண், பெண் கணக்கில்தான் வேதனையான வேறுபாடு. 2011இல் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் மாநில அளவில் 943 பேர். கிராமத்தில் 936, நகரத்தில் 952. கடலூரில் 896, அரியலூரில் 897, நீலகிரியில் 985. சேலத்திலும் உசிலம்பட்டியிலும் நடந்த பெண் சிசுக்கொலைகள் வெளியே தெரிந்து, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டமும் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. 1994இல் கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டமும் வந்தது. இரண்டு பிள்ளையோடு நிறுத்த வேண்டும், அவற்றில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்ற இரண்டு விருப்பங்களும் ஒரே வீட்டில் சேரும்போது பெண் குழந்தைதான் பலியாகிறது. அன்றைக்குப் பிறக்காமல் போன பெண்கள் இன்று பெண் கேட்டுப் போகிற வீடுகளில் இல்லை. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத மகனோடு தாய் தகப்பன் இருக்கிற வீடுகள் உங்கள் ஊரிலும் இருக்கும். படித்த பெண்கள் ஊரில் வாழச் சம்மதிக்காததும் அதற்கு ஒரு காரணம். அந்த வீடுகளும் "பிள்ளை இல்லாத வீடு" என்ற கணக்கில்தான் சேர்கின்றன.

இனி எண்ணும் முறை. பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது. ஆகவே உங்கள் ஊர்ப் பிள்ளையின் பிறப்பு, சிவகங்கையிலோ காரைக்குடியிலோ மதுரையிலோ பதிவாகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பிறப்பு இருந்தாலே அதிகம். அந்தப் பக்கத்தைக் காட்டி "ஊரில் பிறப்பே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற வழக்கமும் இதில் குழப்பம் சேர்க்கும். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போன பெண், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புகுந்த வீட்டுக்கு வருவாள். அதுவரை அந்தக் குழந்தை இரண்டு ஊர்ப் பதிவேடுகளிலும் இருக்கலாம், இரண்டிலும் விட்டும் போகலாம்.

நம்பத் தகுந்தவை இரண்டு பதிவேடுகள். கிராம சுகாதாரச் செவிலியர் வைத்திருக்கும் தகுதியுள்ள தம்பதியர் (பிள்ளைபெறும் வயதில் மனைவி உள்ள தம்பதியர்) பதிவேடும் கர்ப்பிணிகள் பதிவும் ஒன்று. புதன்கிழமை தடுப்பூசிக்கு வருகிற குழந்தைகளை அவருக்கு முகம் பார்த்தே தெரியும். மற்றொன்று அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு. மாநிலத்தில் உள்ள ஏறத்தாழ 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்களுக்கும் அது உண்டு. மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு அதுதான் முழுமையானது என்பது என் அனுபவம். சத்துமாவு வாங்க வருவதால் பெயர் விடுபடுவது குறைவு. மூன்று வயதுக்கு மேல் தனியார் எல்.கே.ஜி.க்குப் போகிற பிள்ளைகள் மையத்துக்கு வருவதில்லை என்றாலும், கணக்கெடுப்புப் பக்கத்தில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் கணக்கெடுப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை நகலெடுக்க வேண்டாம். வயதுவாரி எண்ணிக்கை மட்டும் போதும், அதுவும் அவர்களே எண்ணிச் சொன்னால் போதும்.

பிறகு இரண்டு பேர் தெருத்தெருவாக நடக்க வேண்டும். 640 வீடு என்றால் நான்கைந்து மாலைப் பொழுதுகளில் முடிந்துவிடும். அடுப்பு எத்தனை என்று கேளுங்கள். ஒவ்வொரு அடுப்பிலும் பிள்ளைகளின் வயது, அவர்களோடு உறங்கும் பெரியவர் யார், பிள்ளை எங்கே படிக்கிறது, பெற்றோர் எங்கே என்ற நான்கு விவரங்கள் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வயதைக் கேட்கும்போது கவனம் வேண்டும். "அஞ்சு நடக்குது" என்றால் நான்குதான் முடிந்திருக்கிறது. நிறைந்த வயதைத்தான் எழுத வேண்டும். கைக்குழந்தையைப் பலர் சொல்லவே மாட்டார்கள், "அது பச்சப்புள்ளதானே, அதையுமா எழுதணும்" என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் "தொட்டில்ல ஏதும் இருக்கா?" என்று தனியாக ஒரு முறை கேட்டால்தான் அந்தக் கணக்கு வரும். சூளைக்குப் போயிருக்கும் குடும்பங்களைப் பக்கத்து வீட்டில் விசாரித்துத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; எல்லையில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களின் கொட்டகைக்கும் நேரில் போங்கள்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஊர்வாரி எண்கள் கைக்கு வருவதற்குள் உங்கள் பள்ளியைப் பற்றிய முடிவு எடுக்கப்பட்டுவிடக்கூடும். ஆகவே நீங்களே எடுக்கிற இந்தக் கணக்கு அவசரத் தேவை.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு எண்களைக் கொண்டு போங்கள். நிறைந்த வயது 1, 2, 3, 4, 5 என்று உள்ள பிள்ளைகள் தனித்தனியாக எத்தனை பேர் என்பது ஒன்று. வரும் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு எத்தனை பேர் ஒன்றாம் வகுப்பு வாசலுக்கு வரக்கூடும் என்பதை அது சொல்லும். காலை ஏழரை மணிக்குப் புளியமரத்தடியில் வேன் ஏறுகிற, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பது மற்றொன்று. முதல் எண் ஆண்டுக்குப் பத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், பிள்ளைகள் உண்மையிலேயே குறைந்துவிட்டார்கள். பக்கத்துக் குக்கிராமங்களையும் சேர்த்து ஒரே பள்ளியாக நடத்துவது பற்றித்தான் பேச வேண்டியிருக்கும், அப்போதும் பாட்டி வளர்க்கிற பிள்ளைகள் அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பார்கள் என்ற கேள்வியோடு. முதல் எண் பதினைந்து, இருபது என்று நின்று, இரண்டாவது எண் நாற்பதைத் தாண்டியிருந்தால், பேச வேண்டியது பிள்ளைகளைப் பற்றியன்று. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பை நடத்துகிற அந்தக் கட்டடத்தைப் பற்றி.